எந்த ஊர் ஸ்டேஷன்?

பௌர்ணமிக்கு மறுநாள் காலை என் அலுவலகத்துக்கு வருகிற பெண்களில் ஒன்றிரண்டு பேராவது செருப்பில்லாமல் வந்திருப்பார்கள். ராத்திரி முழுக்க மலை சுற்றிய கால். 14 கிலோமீட்டர் நடந்த அலுப்போடு, நெற்றித் திருநீறு கலையாமல், மடியில் ஒரு கட்டைப்பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊரில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடும்ப வழக்கு நடத்துகிறவள் என்பதால், அந்தக் கால்களைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். ‘எங்கே கிளம்பிட்டே’ என்று யாரும் குறுக்கே நிற்காமல், பொழுது சாய்ந்த பிறகு ஒரு பெண் தனியாக வீட்டைவிட்டு இறங்க முடிகிற நாள் மாதத்தில் அது ஒன்றுதான். கிரிவலம் போகிறேன் என்றால் மாமியார்கூடத் தடுக்க மாட்டார். சாமி காரியம்.

போன வருஷம் அப்படி வந்தவள் தண்டராம்பட்டுப் பக்கத்துக்காரி. (அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) புருஷன் பெங்களூரில் கொத்தனார், இவள் அதே கட்டடத்தில் சித்தாள். பௌர்ணமி ஸ்பெஷல் பஸ்ஸில் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக வந்து இறங்கி, நிஜமாகவே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். ‘பொய் சொல்லிட்டு வந்த பாவம் வேணாம்னு நடந்துட்டேன் மேடம்’ என்றாள். இடது தாடை வீங்கியிருந்தது. முந்தானையை இழுத்து அதை மூடியபடியே பேசினாள்.

மனு எழுத ஆரம்பித்தேன். பேர், வயசு, கணவர் பேர் வரைக்கும் தடங்கல் இல்லை. முகவரி என்றதும் நின்றுவிட்டாள். ‘எந்த வெலாசம் மேடம்?’ ஆதாரும் ரேஷன் கார்டும் மாமியார் ஊரில். குடியிருப்பது பெங்களூரில், கட்டி முடியாத அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில்; அதற்குக் கதவு எண் கிடையாது, அந்தத் தெருவின் பேரும் அவளுக்குத் தெரியாது. அம்மா வீடு போளூர்ப் பக்கம்; அப்பா போன பிறகு அது அண்ணன் வீடு. இப்போது ஒண்டியிருப்பது திருவண்ணாமலையில் தங்கச்சி வீட்டில். ‘கல்யாணம் ஆனது ஒரு ஊரு, அடி வாங்கனது ஒரு ஊரு, படுத்துக்கறது ஒரு ஊரு’ என்று அவளே சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். தாடை வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

என்னிடம் வருவதற்கு முன் இரண்டு காவல் நிலையப் படி ஏறி இறங்கியிருந்தாள். ஒன்றில் அவர்கள் பேசிய கன்னடம் இவளுக்கும், இவள் பேசிய தமிழ் அவர்களுக்கும் அரைகுறை. இன்னொன்றில் நல்ல தமிழில் பதில் கிடைத்தது: ‘அடிச்சது அங்கதானேம்மா, அங்க போய்க் குடு. இல்லன்னா உங்க ஊர் ஸ்டேஷனுக்குப் போ.’ இந்த ‘உங்க ஊர் ஸ்டேஷன்’ பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சட்டம் இதற்குப் பதில் சொல்லி வெகுநாள் ஆகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 27-ஆவது பிரிவு சொல்வது இது: பாதிக்கப்பட்டவள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ எங்கே தங்கியிருக்கிறாளோ, எங்கே வேலை பார்க்கிறாளோ, எதிர்மனுதாரர் எங்கே இருக்கிறாரோ, சம்பவம் எங்கே நடந்ததோ, இவற்றில் எந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம். அந்தத் ‘தற்காலிகமாகவோ’ என்ற சொல்லை எழுதிச் சேர்த்தவர் யாராக இருந்தாலும், தங்கச்சி வீட்டில் ஒண்டியவளை மனதில் வைத்துத்தான் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அடுத்த வரி இன்னும் முக்கியம். இந்தச் சட்டத்தின் கீழ் போடும் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். திருவண்ணாமலையில் வாங்கிய பாதுகாப்பு உத்தரவைப் பெங்களூரில் மீறினாலும் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குற்ற வழக்கிலும் அப்படித்தான். ரூபாலி தேவி வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கிவிட்டது: கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டோ தப்பித்தோ வந்தவள், அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கொடுமைப் புகார் கொடுக்கலாம். அங்கே பட்டது இங்கே வந்த பிறகும் அவள் மனதை வதைத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே கொடுமையின் விளைவு இங்கும் நடக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். அப்போது அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86. அதே நாளில் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டத்தின் 173-ஆவது பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யச் சொல்கிறது. ‘ஜீரோ எஃப்ஐஆர்’ என்று போலீஸார் சொல்வது அதைத்தான். ஆக, அவளைப் போகச் சொன்ன ‘உங்க ஊர்’ சட்டப் புத்தகத்தில் இல்லாத ஊர்.

பின்னே ஏன் அந்தப் பதில் வருகிறது? காவலர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் அவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்த நாளிலிருந்து, அந்த நிலையங்களுக்கு என்று ஒரு வேலை முறை உருவாகிவிட்டது. மனு வாங்கி சிஎஸ்ஆர் ரசீது போடுவது, எதிர்த்தரப்பைப் போனில் கூப்பிடுவது, இரண்டு குடும்பத்தையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவது, ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது. இந்த முறை நடக்க வேண்டுமானால் புருஷன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு அப்பால் சாரத்தில் நிற்கிறவனைக் கூப்பிட்டால் வர மாட்டான். ஆள் அனுப்பலாம் என்றால் வண்டி, படிக்காசு, மேலிடத்து அனுமதி. கடைசியில் ‘சேர்த்து வைத்தோம்’ என்று ஒரு நல்ல கணக்கும் எழுத முடியாது. பேசித் தீர்ப்பதை ஒட்டுமொத்தமாகக் குறை சொல்லவில்லை. அப்படிப் பேசி அனுப்பி, அதன்பின் நிம்மதியாக இருக்கிற இரண்டு மூன்று குடும்பங்களை எனக்கே தெரியும். ஆனால் ஒரே பெண் நான்காவது தடவையாக எழுதி வாங்கிய காகிதத்தோடு வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். சேர்த்து வைத்ததை வெற்றி என்று கணக்கெழுதுகிற வரை, சேர்த்து வைக்க முடியாத கேஸ் எவருக்கும் வேண்டாத கேஸாகத்தான் இருக்கும்.

சில வருஷத்துக்கு முன் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார்: ‘வெளியூர் வேலைக்குப் போறவங்ககிட்டேருந்து புகாரே வர்றதில்ல மேடம். அங்க சம்பாத்தியம் இருக்கு, சண்டை போட நேரம் ஏது?’ கிண்டலாகச் சொல்லவில்லை. பதிவேட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) வேறு ஒன்று சொல்கிறது. 18 முதல் 49 வயது வரை, திருமணமான பெண்களில் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் நாட்டில் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38 சதவீதம், கர்நாடகத்தில் 44 சதவீதம். அந்தப் பௌர்ணமி பஸ் கிளம்புகிற மாநிலமும் சரி, வந்து சேர்கிற மாநிலமும் சரி, பட்டியலில் முன்வரிசை. அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நாடு முழுக்க 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, எவரிடமும் வாய் திறக்கவும் இல்லை. சொந்த ஊரில், சொந்த பாஷையில், கூப்பிட்டால் அம்மா ஓடிவரும் தூரத்தில் இருக்கிறவர்களும் சேர்ந்த கணக்கு இது. பதிவேட்டில் பேர் இல்லாததை வைத்து அடியும் இல்லை என்று முடிவு கட்டினால், சுடுகாட்டுக்கு வராதவர்கள் எல்லாம் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பதுபோல் ஆகும்.

இதே குழப்பம் அமெரிக்காவில் ஒரு தனி ஆராய்ச்சியாகவே வளர்ந்திருக்கிறது. மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து போனவர்கள், அவர்கள் வம்சாவளியினர், எல்லோரையும் அங்கே ‘ஹிஸ்பானிக்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவார்கள். அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்வில், ஹிஸ்பானிக் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது துணைவரின் வன்முறைக்கு ஆளானவர். விசித்திரம் என்னவென்றால், அவர்களுக்குள்ளேயே, அமெரிக்காவில் பிறந்த பெண்களைவிடப் புதிதாகக் குடிபெயர்ந்து வந்த பெண்களிடம் வன்முறை குறைவு என்று பல ஆய்வுகளில் தெரிந்தது. சொந்தபந்தத்தின் பிடிப்பு அவர்களைக் காக்கிறது என்றார்கள் சிலர். நடப்பது குறைவா, சொல்வது குறைவா என்று கேட்டார்கள் வேறு சிலர்.

2017-இல், குடியேறிகளை நாடு கடத்தும் பேச்சு அங்கே சூடுபிடித்த நேரத்தில், லாஸ் ஏஞ்சலீஸ் காவல் துறைத் தலைவர் சார்லி பெக் ஒரு கணக்கை வெளியிட்டார். அந்த வருஷத் தொடக்க மாதங்களில் லத்தீன் மக்களிடமிருந்து வந்த பாலியல் வன்முறைப் புகார்கள், முந்தைய வருஷத்தின் அதே மாதங்களைவிட 25 சதவீதமும், குடும்ப வன்முறைப் புகார்கள் 10 சதவீதமும் குறைந்திருந்தன. மற்ற சமூகத்தாரிடம் அப்படி ஒரு சரிவு இல்லை. மூன்று மாதத்தில் அத்தனை ஆண்பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. போலீஸிடம் போனால் குடும்பத்தில் யாரையாவது நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம் என்றார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண். 2021-இல் அரசு இந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றியது. குடியிருப்பவர்களின் வாயில் இன்னும் அது ‘முகாம்’தான். மாநிலம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58,000 பேர் அளவில் இருக்கிறார்கள். மூன்று பத்தாண்டுக்கு மேல் இங்கேயே இருந்தும், இங்கேயே பிள்ளை பெற்றும், சட்டத்தின் கண்ணில் வந்தேறிகள். அவள் சொன்னாள்: ‘அவர் குடிச்சுப்போட்டு வந்து அடிக்கிறார் அக்கா. ரெண்டு நாள் உள்ள வெச்சு வெருட்டி விட்டாக் காணும். ஆனா கேஸ் எண்டு போட்டா திருச்சிக்குக் கொண்டுபோயிருவாங்களோ?’

திருச்சி என்றால் அங்குள்ள சிறப்பு முகாம். வழக்கில் சிக்கிய வெளிநாட்டவர்களை அடைத்து வைக்கும் இடம். அவள் கேட்டது இரண்டு நாள் மிரட்டல். எதிரே தெரிந்ததோ எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாத ஒரு சிறை. அடித்தவன்மீது இரக்கப்பட்டு அவள் திரும்பிப் போகவில்லை. அவன் போனால் முகாம் பதிவு என்ன ஆகும், பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும், ‘புருசனைப் பிடிச்சுக் குடுத்தவ’ என்று முகாமே சொன்னால் எங்கே போவது என்று கணக்குப் போட்டுத்தான் போனாள். உதவித்தொகையும் அப்படியே கட்டப்பட்டிருக்கிறது: 2021-இல் உயர்த்தியபடி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. தலைவர் என்று பதிவாகியிருப்பது பெரும்பாலும் ஆண். பிரிந்து வாழ நினைப்பவள் முதலில் தனிப் பதிவுக்கு அலைய வேண்டும். வக்கீலைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

அவளுக்கு ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது. 2005 சட்டம் ‘எந்தப் பெண்ணும்’ என்றுதான் சொல்கிறது, குடிமகள் என்று சொல்லவில்லை. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், ஜோத்பூரில் வாழ்ந்த கனடாக் குடியுரிமைப் பெண் ஒருவரின் வழக்கில் இதை வெளிப்படையாகவே ஏற்றிருக்கிறது. தவிர, இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்குவதற்கு அவன்மீது குற்ற வழக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வளவும் கேட்டுவிட்டு ‘யோசிச்சுச் சொல்றன் அக்கா’ என்று போனாள். திரும்பி வரவில்லை.

அமெரிக்கர்கள் ஒரு காரியத்தை நம்மைவிட முன்னால் புரிந்துகொண்டார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1994-இல் அவர்கள் கொண்டுவந்த பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டத்தில், குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பு பெற்றவனோ மனைவியை வதைத்தால், அவன் கையெழுத்து இல்லாமல் அவளே தன் குடியிருப்பு உரிமைக்கு மனுப் போடலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். வன்முறையை நிறுத்துவதற்கு முன், காகிதத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினார்கள். (ஹெச்-1பி விசாவில் இருக்கும் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு, ஹெச்-4 விசாவில் போகிற நம் பெண்களுக்கு அந்த வழி திறக்காது, மாப்பிள்ளையே அங்கு நிரந்தரவாசி இல்லையே. வரன் பார்க்கும்போது ஜாதகத்தோடு இதையும் யாராவது விசாரிக்கலாம்.)

நம் ஊரில் அந்தக் காகிதம் விசா இல்லை. அட்வான்ஸ். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்கு இங்கிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் போகிறவர்களைக் கேளுங்கள், ‘ஜோடி’ என்றுதான் கணக்கு. புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்து ஒரு ஜோடி. சீசன் தொடங்கும் முன் முன்பணம் வாங்குவது அவன். கல் அறுப்பது இரண்டு பேரும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலி எழுதப்படுவது அவன் பேரில், பழைய கடனில் கழித்துக்கொண்டு. அவள் அடி தாங்காமல் ஒரு ராத்திரி கிளம்பிவிட்டால் ஜோடி உடைந்தது, முன்பணம் மாட்டிக்கொண்டது. அதனால் அவளைத் தேடிக்கொண்டு புருஷன் மட்டும் வர மாட்டான், மேஸ்திரியும் கூட வருவார். ‘புருஷன் பொண்டாட்டி சண்டைம்மா, இதுக்கெல்லாமா வர்றது’ என்று சமாதானம் பேசுகிற அந்தப் பெரிய மனுஷருக்கு, அவள் திரும்பினால்தான் போட்ட பணம் திரும்பும்.

குடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. குடி இல்லாமல் இருந்தால் என் அலுவலகத்தில் பாதிக் கூட்டம் குறையும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் போதை தலைக்கேறி மேஸ்திரியின் கன்னத்தில் அறைந்த சித்தாள் புருஷனை இதுவரை நான் பார்த்ததில்லை. யாரை அடித்தால் கூலி போகும், யாரை அடித்தால் போகாது என்கிற நிதானம் எந்தப் போதையிலும் இருக்கிறது.

ஜவ்வாது மலையிலிருந்து கர்நாடகக் காபித் தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள். மலையில் ஊர்க்கவுண்டர் இருக்கிறார், கூட்டம் கூட்டினால் பத்துப் பேர் வருவார்கள். அவர்கள் சொல்லும் நியாயம் பெண்ணின் பக்கம்தான் இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கேட்க ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். தோட்டத்து லைன் வீட்டில் அதுவும் இல்லை.

என் தண்டராம்பட்டுப் பெண்ணிடம் திரும்புகிறேன். ஜீவனாம்சம் கேட்க வேண்டுமே என்று அவளுடைய தினக்கூலி எவ்வளவு என்றேன். ‘அவருக்குத்தான் தெரியும் மேடம். சனிக்கிழமை மேஸ்திரி அவர் கையிலதான் குடுப்பாரு.’ ஆறு வருஷமாகத் தலையில் கலவைச் சட்டி சுமக்கிறவளுக்குத் தன் கூலி தெரியாது. அடித்ததைச் சொல்லும்போது தடுமாறாத குரல் அதைச் சொல்லும்போது தடுமாறியது.

குடியிருப்பு உத்தரவு என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறது, 19-ஆவது பிரிவு. வீடு யார் பேரில் இருந்தாலும், அவளை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது. தேவைப்பட்டால் புருஷனை வெளியேறச் சொல்லலாம். புகுந்த வீடு மாமனார் மாமியார் பேரில் இருந்தாலும் இந்த உரிமை உண்டு என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை வகுப்புகளில் விளக்க எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் சண்டை நடக்கும். சுந்தரமூர்த்தி நாயனார் நடுவில் தூது போய்வருவார். அம்மன் சமாதானம் ஆகாமல் கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமிதான் குமரக்கோயிலில் போய் ராத்தங்குவார். மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் ஊடல் தீரும். கோபித்துக்கொண்டவள் வீட்டிலேயே இருக்கிறாள், வெளியே போய்ப் படுக்கிறவர் ஆண்பிள்ளை. லட்சக்கணக்கானவர்கள் கும்பிடுகிற சாமிக்கு 19-ஆவது பிரிவு பொருந்துமென்றால் உங்களுக்குப் பொருந்தாதா என்று கேட்டால் ஆண்களும் சிரிப்பார்கள்.

அவளிடம் இந்தக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தகரக் கொட்டகை மேஸ்திரி கொடுத்தது. புருஷனை வெளியேற்றினால் வேலை போகும், வேலை போனால் கொட்டகையும் போகும். அம்மனுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவாவது இருக்கிறது. கொட்டகைக்குக் கதவே கிடையாது. யாரோ ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் மடித்துத் தொங்குமாம். எங்கே குடியிருந்தாலும் வீடு என்று ஒன்று இருக்கும் என்று நினைத்துத்தான் சட்டத்தின் இந்தப் பகுதியை எழுதியிருக்கிறார்கள். இவளைப் போன்றவர்களுக்கு அதே பிரிவில் இருக்கிற வேறொரு வாசகத்தைத்தான் நம்ப வேண்டும்: மாற்றுக் குடியிருப்பு, அல்லது அதற்கான வாடகை. நான் அதைத்தான் கேட்டேன். தங்கச்சி வீட்டுப் பக்கத்தில் ஒரு அறைக்கு வாடகை.

கையில் இருக்கிற ஏற்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். 181 உதவி எண் தமிழ்நாட்டில் 2018 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நடத்துவது அது. மாவட்டத்தில் சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. சில நாள் தங்கலாம். இலவசச் சட்ட உதவிக்குப் பெண் என்பதே தகுதி, வருமானச் சான்றிதழ் வேண்டியதில்லை. இது தெரியாமல் வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸில் நின்றவர்கள் நிறைய. எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகப் பாதுகாப்பு அலுவலர். மனு எழுதித் தருவதிலிருந்து நோட்டீஸ் சேர்ப்பது வரை சட்டம் அவர் தலையில்தான் வைத்திருக்கிறது. 12 தாலுகா, 2011 கணக்கெடுப்பின்படி 24 லட்சத்துக்கு மேல் ஜனம். ஜமுனாமரத்தூரிலும் வந்தவாசியிலும் ஒரே நாளில் இரண்டு பெண்கள் அடிபட்டால் அவர் எந்த பஸ் ஏறுவார்? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாவட்டத்தோடு நிற்காமல் தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. இருக்கிற ஊழியரின் தலையில் இன்னொரு தொப்பி வைத்து அதை நிறைவேற்றிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

என்னைக் கேட்டால், முதலில் காசு செலவில்லாத ஒன்றைச் செய்யலாம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும், மனு வாங்குகிற மேஜைக்குப் பின்னால் இல்லாமல் மனு கொடுக்கிறவர் கண்ணில் படுகிற சுவரில், ‘எந்த ஊரில் அடி வாங்கியிருந்தாலும் இங்கே புகார் கொடுக்கலாம்’ என்று எழுதிவைப்பது. தமிழில், தெலுங்கில், இந்தியில், ஒடியாவில். இங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கிற வடமாநிலப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளுக்கு நாம்தான் பெங்களூர். முகாமில் தனிப் பதிவு கேட்டு ஒருத்தி மனுக் கொடுத்தால், புருஷன் கையெழுத்து எங்கே என்று கேட்காமல் விசாரித்துப் பதிவது அடுத்தது. கூலியை அவரவர் கையில் கொடுப்பது, முன்பணச் சீட்டில் இரண்டு பேரையும் தனித்தனியே எழுதுவது இதெல்லாம் தொழிலாளர் துறை நினைத்தால் நடக்கும். அதற்குச் சூளைக்கு வந்து பார்க்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

வக்கீல்களாகிய எங்கள்மீதும் குறை இருக்கிறது. குடும்ப வன்முறை மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அப்படி முடிந்த மனுக்களை என் அனுபவத்தில் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வாய்தா வாங்குவதில் எங்களுக்கும் பங்கு உண்டு. கூலி வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் கூலியும் போக வர பஸ் செலவும் என்பது கறுப்புக் கோட்டுக்குள் இருக்கும்போது மறந்துபோகிறது.

அவள் வழக்கில் முதல் நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது. மேற்படி விலாசத்தில் ஆள் இல்லை. அந்தக் கட்டடத்தில் பூச்சு வேலை முடிந்து, ஆட்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ‘இருங்க மேடம்’ என்று வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் என் வாட்ஸப்பில் ஒரு லொகேஷன் வந்து விழுந்தது. மேஸ்திரி சம்சாரத்திடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். தன் விலாசம் என்ன என்று சொல்லத் தெரியாமல் நின்றவள், அவன் இருக்கிற இடத்தை மேப்பில் குத்தி அனுப்பியிருந்தாள். நோட்டீஸில் லொகேஷனை ஒட்ட முடியாது. பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்தில் தெரிந்த ஒரு கோயில், ஒரு பெட்ரோல் பங்க், கட்டடக் கம்பெனியின் போர்டு எல்லாவற்றையும் சேர்த்து நாலு வரியில் ஒரு முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாய்தா பங்குனியில்.

– கட்டுரையாளர், குடும்ப வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர், திருவண்ணாமலை.